நித்யாவின் முதல் கம்ப்யூட்டரும் என் சந்தேகங்களும்

நித்யா, நீ கூடத்தில் உட்கார்ந்து உன் கம்ப்யூட்டரைப் பிரித்துக்கொண்டிருக்கிறாய். ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் பெட்டியில் வைத்து, இடுக்குகளில் என் பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துச் செருகுகிறாய். புனேயில் புது வேலை, புது வீடு, உன்னோடு தங்கப்போகிற இரண்டு பெண்கள். அவர்களுடைய பெயரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் என்று காலையிலிருந்து நான் கேட்ட எல்லாவற்றுக்கும் சேர்த்து நீ ஒரே பதில் சொன்னாய்: "அம்மா, நீ யாரையுமே நம்ப மாட்ட. உன்கிட்ட பேசிப் பிரயோஜனம் இல்ல." சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாய். ஹெட்போன் மாட்டினவளிடம் பேச முடியாது, எழுதலாம். அதனால் சமையலறை மேஜையில் மாவுப் பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். ரயிலில் படி. பாதியில் கோபம் வந்தாலும் மீதியைப் படி.

நீ சொன்னது சரிதான். நான் யாரையும் சுலபத்தில் நம்புவதில்லை. துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவள் வேறு எப்படி இருப்பாள்? மற்றவர்களின் பெட்டிகளைத் திறந்து பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். காகிதத்தில் குழந்தைகள் பொம்மை என்று இருக்கும், பெட்டிக்குள் செல்போன் பேட்டரி இருக்கும். பீங்கான் தட்டு என்பார்கள், தட்டுக்கு அடியில் வேறு ஏதோ சலசலக்கும். கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பேன், பிறகு பெட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பார்ப்பேன். முகம் நடிக்கும், எடைக்கு நடிக்கத் தெரியாது. ஓய்வு பெற்றபோது மேஜையையும் நாற்காலியையும் விட்டுவிட்டு வந்தேன், இந்தப் பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது. உன் அப்பா இதற்கு நேர் எதிர். மந்தைவெளி மார்க்கெட்டில் யார் கேட்டாலும் ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டுகிறவர். அவரைக் கட்டிக்கொண்டவள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சந்தேகப்பட வேண்டியிருந்தது.

பெருங்குடி ஆபீசில் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து, ஒரு நாள் சாப்பிடும்போது நீ சொன்னாய்: "அம்மா, நான் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறேன்." கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன். ஆன்லைனில் சீட்டாடி வீட்டை விற்றவன், மோதிரத்தை அடகு வைத்தவன் என்று எத்தனை கதை கேட்டிருக்கிறோம்! "காசு வச்சு ஆடறதா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "இல்லம்மா. வாள் எடுத்துட்டு காட்டுக்குள்ள போற கதை. நம்மளே அதுல ஒரு ஆளு." வாளா? யாரோடு போகிறாய்? கூட வருகிறவர்கள் யார், ஆணா பெண்ணா, எந்த ஊர்? ஆபீஸ் லேப்டாப் இருக்கிறபோது இது எதற்கு? அதில் இந்த விளையாட்டு ஓடாது என்றாய். உன் அப்பா மோரை ஊற்றிக்கொண்டே, "குழந்தை சம்பாதிச்ச பணம். வாங்கிக்கட்டுமே" என்றார். நானும் சரி என்றேன். ஆனால் கூட வருவேன் என்றேன். உன் முகம் வாடியதை அன்றைக்கே பார்த்தேன். பார்த்தும் வந்தேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் அந்த மாடிக் கடை நினைவிருக்கிறதா? படிக்கட்டு முழுக்க அட்டைப் பெட்டிகள், மேலே ஏறினால் கண்ணாடி வைத்த கம்ப்யூட்டர் கேபினட்டுகள் சிவப்பும் நீலமுமாக விளக்குப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. கடைக்காரர் உன்னைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துத்தான் பேசினார். "பையனுக்கா மேடம்?" "பொண்ணுக்கு" என்றேன். "சூப்பர் மேடம். தனித்தனியா எல்லாம் எதுக்கு? நம்மகிட்ட செட்டாவே கீது. பிராசசர் பெருசு, லைட்டு செமயா இருக்கும், வூட்டுக்குப் போய் ப்ளக்க சொருவுனா போதும்." விளக்கைப் பற்றி அவர் பேசப் பேச எனக்குச் சந்தேகம் வளர்ந்தது. ஒரு பொருளில் எதைப் பற்றி அதிகம் பேசுகிறார்களோ அது நன்றாக இருக்கும். எதைப் பற்றிப் பேசவே இல்லையோ, அங்கேதான் கை வைத்துப் பார்க்க வேண்டும். "பேசாதது எதுடி இதுல?" என்று உன் காதில் கேட்டேன். நீ உடனே சொன்னாய்: "பவர் சப்ளைம்மா."

அதைக் காட்டச் சொன்னோம். கேட்டிராத கம்பெனிப் பெயர். மேலே ஒட்டியிருந்த தாளில் வாட் கணக்கு யானை அளவுக்கு இருந்தது. நான் அதை ஒரு கையிலும், அலமாரியில் இருந்த, ஊரறிந்த கம்பெனியின் பவர் சப்ளையை இன்னொரு கையிலும் தூக்கிப் பார்த்தேன். அலமாரியில் இருந்ததில் வாட் கணக்குக் குறைவு, ஆனால் கை தாழ்ந்தது. செட்டில் வந்தது காலிப் பெட்டி போல இருந்தது. "இவ்ளோ பெரிய நம்பருக்கு உள்ள எதாவது இருக்கணுமே?" என்றேன். கடைக்காரர், "இப்பல்லாம் லைட் வெயிட்டுதான் மேடம் டெக்னாலஜி" என்றார். நீ வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்று சிரித்தாய். பிறகு நீயே ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாய். ரேம் இரண்டு துண்டாக ஏன் இல்லை, ஒரே துண்டாகப் போட்டால் வேகம் குறையுமே. மதர்போர்டு இந்தப் பிராசசருக்குப் பொருந்துகிறது சரி, நாளைக்கு அடுத்த பிராசசர் மாற்றினால் பொருந்துமா. கேபினட் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக இருந்தால் மெட்ராஸ் வெயிலில் காற்று எந்த வழியாக உள்ளே போகும். கடைக்காரர் அப்போதுதான் முதல் தடவையாக உன் பக்கம் திரும்பினார். அந்த நாள் முழுக்க எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை.

நீ போட்ட திட்டம் நல்ல திட்டம். விளையாட்டுக் கம்ப்யூட்டரில் பெரும்பணத்தை, திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டில்தான் போட வேண்டும், பிராசசர் நடுத்தரம் போதும் என்றாய். பவர் சப்ளையில் சிக்கனம் பிடிக்கக் கூடாது, அது கெட்டால் மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும் என்றாய். வலை வைத்த முன்பக்கம் உள்ள, விளக்கே இல்லாத கறுப்புக் கேபினட்டை எடுத்தாய். பிராசசரோடு வருகிற சின்ன விசிறி நம் ஊர்ச் சூட்டுக்குப் போதாது என்று தனியாக ஒரு கூலர் வாங்கினாய், பெரிய உலோகச் சீப்பு மாதிரி ஒன்று. எல்லாம் வாங்கி முடித்துப் பார்த்தால் கிராபிக்ஸ் கார்டுக்கு மிச்சமிருந்தது போதவில்லை. புதிது கைக்கு எட்டவில்லை. "செகண்ட் ஹேண்ட் பாக்கலாம்மா" என்றாய். எனக்கு அங்கேதான் மறுபடி சந்தேகம் வந்தது. யாரோ முகம் தெரியாதவன் வருஷக்கணக்கில் ஓட்டித் தேய்த்ததை நாம் ஏன் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும்?

இணையத்தில் விளம்பரம் கொடுத்திருந்தவர் தினேஷ். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். முன்னறையில் கம்ப்யூட்டரின் பக்க மூடியைத் திறந்து வைத்து, கார்டு ஓடுவதைக் காட்டத் தயாராக வைத்திருந்தார். நான் உட்காரவில்லை. "ஏன் விக்கறீங்க?" என்றேன். "ஒய்ஃப் முழுகாம கீது மேடம். இந்த மூலையிலதான் தொட்டில் கட்டணும். கம்ப்யூட்டர வெச்சா இடமே இல்ல. அதான் ஒவ்வொண்ணா கொடுத்துக்கினு வரேன்" என்றார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தபடியே, "விக்கறவங்க எல்லாரும் ஒரு நல்ல காரணம் வச்சிருப்பாங்க" என்றேன். நீ என் முழங்கையைப் பிடித்து இழுத்தாய். அவர் சிரித்துச் சமாளித்தார். உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "அவங்க யாரு, வூடு எங்கன்னு கேட்டு வெச்சுக்கோ. போன் நம்பர அடிச்சுப் பாரு, அவங்களுதுதானான்னு." என்னையா? இத்தனை வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்த என்னையா? எனக்கு அந்தக் குரல் மேல் கோபம் வந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கார்டு நன்றாகத்தான் ஓடியது. நீ விளையாடிப் பார்த்தாய், கணக்குப் பார்த்தாய், திருப்தி என்றாய். ஆனால் அதைக் கழற்றிப் பெட்டியில் போடும்போது தினேஷ் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சுவரோரம் மேஜை இருந்ததால் அப்படி நின்றார் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது என் கண்ணுக்கு அந்த முதுகு மட்டும்தான் தெரிந்தது. பஸ்ஸில் வரும்போது உன்னிடம் கேட்டேன்: "காட்டினதும் கொடுத்ததும் ஒண்ணுதானா?" நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

சாப்பாட்டு மேஜையில் பழைய பெட்ஷீட் விரித்துப் பாகங்களைப் பூட்டினோம். அன்றைக்கு உன் அப்பாவைக்கூட அங்கே சாப்பிட விடவில்லை. நீ செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பூட்டினாய், நான் திருகாணிகளைக் கிண்ணங்களில் பிரித்து வைத்தேன். என் பங்குக்கு ஒரு கட்டளை போட்டிருந்தேன்: எந்த ஸ்டிக்கரையும் கிழிக்கக் கூடாது, எந்த உறையையும் முழுசாக உரிக்கக் கூடாது. முத்திரை உடைந்த சரக்கை எந்தக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்வான்? கூலரின் அடிப்பக்கம், பிராசசர் மேல் உட்காருகிற பளபளப்பான தகட்டில், கண்ணுக்கே தெரியாத மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. நீ நகத்தால் அதன் மூலையைத் தூக்கினாய். "இத எடுக்கணும் போல இருக்கேம்மா." நான், "அது தகடு கீறாம இருக்க ஒட்டினது. பாதுகாப்புக்கு. எடுத்துட்டா ரிட்டர்ன் எடுக்க மாட்டான். இருக்கட்டும்" என்றேன். நீ என்னைப் பார்த்தாய், வீடியோவைப் பார்த்தாய். அதில் வேறு மாதிரிக் கூலர் இருந்தது. தாளோடு பூட்டினாய்.

மறுநாளே தொல்லை ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் எழுந்தது, படம் வந்தது, சாதாரண வேலையெல்லாம் செய்தது. விளையாட்டைத் திறந்து கொஞ்ச நேரம் ஆனதும் பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டால் எழும், விளையாடினால் அணையும். விளையாடும்போது மட்டும் அணைந்தால் கார்டுதானே காரணம்? நான் சொன்னேன், "முதுகைக் காட்டிண்டு நின்னான் பாரு." நீ சூட்டை அளந்து பார்க்கலாம் என்றாய், ஒவ்வொரு பாகமாகச் சோதிக்கலாம் என்றாய். நான் விடவில்லை. உன் செல்போனிலிருந்து தினேஷின் எண்ணை எடுத்து நானே பேசினேன். மாற்றிக் கொடுத்தாயா, எத்தனை பேரை இப்படி ஏமாற்றினாய், சைபர் கிரைமில் எழுதிக் கொடுப்பேன் என்றெல்லாம் சொன்னேன். மறுமுனையில் அவர், "மேடம், எங்கிட்ட நல்லா ஓடிச்சு மேடம்... எம்மேலதான் எதனா தப்பா இருக்கும், நான் வந்து பாக்குறேன் மேடம்" என்றார். அதை நான் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன். நீ கண்ணில் தண்ணீரோடு நின்றாய். "அம்மா, அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லம்மா." "உனக்கு எல்லாருமே நல்லவங்க" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். தனியாக வரவில்லை. பின்னாலேயே, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் நம் வீட்டு மாடிப்படி ஏறி வந்தாள். ரேவதி. காரணம் பொய்யில்லை என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் அப்பா ஓடிப்போய் நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை. திரைக்குப் பின்னால் கேட்ட அதே குரல்: "மேடம், மொதல்ல அந்தக் கார்ட எடுங்க. நாங்க கொடுத்த கார்டுதானான்னு பாக்கணும்." நீ கழற்றிக் கொடுத்தாய். அவள் தன் செல்போனில் ஒரு போட்டோவைத் திறந்து, கார்டின் முதுகில் இருந்த எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தாள். நாம் போன அன்று காலையிலேயே எடுத்து வைத்த போட்டோவாம். "இன்னா மேடம் பாக்கறீங்க? நல்லத வாங்கினு கெட்டத திருப்பிக் குடுக்கறவங்களும் ஊர்ல கீறாங்க இல்ல?" எண் பொருந்தியது. எனக்கு இரண்டு விஷயம் ஒரே சமயத்தில் உறைத்தது. கார்டை அவர் மாற்றவில்லை. இந்தப் பெண்ணை என் பழைய ஆபீசில் சேர்த்திருந்தால் எனக்கு மேலதிகாரியாக வந்திருப்பாள்.

கார்டை மறுபடி பூட்டி ஓட்டினோம். மூடியைத் திறந்தே வைத்திருந்தோம். தினேஷ் கார்டின் விசிறியையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையில், சூட்டைக் கடத்துவதற்குத் தடவுகிற பேஸ்ட் ஒரு சின்ன டியூப் வைத்திருந்தார். கார்டைப் பிரித்து உள்ளே புதிதாகப் பேஸ்ட் தடவிப் பார்க்கலாம் என்று கொண்டுவந்திருந்தார். விளையாட்டு ஓடியது. திரையில் உன் ஆள் வாளோடு ஓடினாள். ரேவதி திடீரென்று துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள். "இன்னாது இது, பிளாஸ்டிக் சூடாவற வாட?" எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தினேஷ் சங்கடத்தோடு, "மாசமானதுலேர்ந்து இவளுக்கு இப்டிதான் மேடம். பக்கத்து வூட்டு ரசம் கூட வாட அடிக்குதும்பா" என்றார். அவள் கேட்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து கம்ப்யூட்டருக்கு மேலே மூக்கைக் கொண்டுவந்தாள். "கார்டுலேர்ந்து இல்ல. மேல. இந்தச் சீப்பு மாதிரி கீது பாரு, அங்க." சொல்லி முடிக்கும்போது கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது.

ஆறட்டும் என்று காத்திருந்து நீ கூலரைக் கழற்றினாய். திருப்பினாய். அந்த மெல்லிய தாள் ஓரத்தில் சுருண்டு, நடுவில் பேஸ்ட் அப்பிக்கொண்டு நின்றது. அதற்கு அடியில் தகடு கடையில் பார்த்தது போலவே கீறல் இல்லாமல் பளபளத்தது. பிராசசரின் சூடு தகட்டுக்குப் போகவே வழியில்லை. நீ தாளைப் பார்த்தாய். தலையைத் தூக்கி ஒரே ஒரு கணம் என்னைப் பார்த்தாய். நான் வாயைத் திறப்பதற்குள் தினேஷ் பக்கம் திரும்பினாய். "சாரி அண்ணா. நான்தான். எடுக்க மறந்துட்டேன்."

நித்யா, நான் வாழ்க்கை முழுக்கப் பொய் கேட்டவள். அழுதுகொண்டு சொன்ன பொய், சாமி படத்தைத் தொட்டுச் சொன்ன பொய், மந்திரி பெயரைச் சொல்லிச் சொன்ன பொய். எல்லாவற்றிலும் சொன்னவருக்கு ஒரு லாபம் இருந்தது. உன் பொய்யில் உனக்கு ஒரு லாபமும் இல்லை. அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை, அதனால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. "அது நான் சொன்னது" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "காபி சாப்பிடறீங்களா?" என்று வந்தது. தினேஷ் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். "பரவால்ல சிஸ்டர். நான் மொத தபா பூட்டும்போது மானிட்டர் ஒயர கார்டுல சொருவாம மதர்போர்டுல சொருவிட்டு, கார்டு வேல செய்லன்னு கடைக்காரன்கிட்ட சண்டையே போட்டேன்." தாளை உரித்தார், பழைய பேஸ்டைத் துடைத்தார், கொண்டுவந்த டியூபிலிருந்து புதிதாகத் தடவிக் கூலரைப் பூட்டினார். அப்புறம் அது அணையவே இல்லை. நீயும் அவரும் மாறி மாறி விளையாடினீர்கள். உன் அப்பா அடை வார்த்துப் போட்டார். ரேவதி இரண்டாவது அடையை வெல்லத்தோடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இனிமேல் எழுதுவது தெரியாது. அவர்கள் கிளம்பும்போது நீ மேலேயே நின்று கையசைத்தாய், நான் ஆட்டோ வரை கீழே வந்தேன். தினேஷ் ஆட்டோக்காரரிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தார். ரேவதி உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் குனிந்து அவளிடம் சொன்னேன்: "அந்தத் தாள எடுக்காதன்னு சொன்னது நான். எம் பொண்ணு இல்ல. போன்ல அப்படிப் பேசினதும் நான்தான். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடும்மா." அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "தெரியும் மேடம். அந்தப் பொண்ணு உங்க மூஞ்சப் பாத்துட்டுத்தான அப்டி சொல்லிச்சு." பிறகு கணவனின் பக்கம் தலையை அசைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்க வூட்லயும் ஒண்ணு கீது அதே மாதிரி. நீங்க போன்ல திட்னீங்க இல்ல, வெச்சதும் இன்னா சொன்னாரு தெரியுமா? எம்மேலதான் தப்பா இருக்கும், துட்டத் திருப்பிக் குடுத்துர்லாம்னாரு. ஒண்ணுமே பண்ணாத மனுசன். அதான் இந்த வயித்தத் தூக்கினு நானும் வந்தேன். இந்த மாதிரி ஆளுங்க பக்கத்துல யாரனா ஒருத்தர் நிக்கணும் மேடம். இல்லன்னா ஊர்ல கீற பழியெல்லாம் இவுங்க தலமேலதான்."

ஆட்டோ போன பிறகும் நான் கேட்டருகே நின்றிருந்தேன். உன்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மாடி ஏறி வந்தபோது நீ ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாரிடமோ, "நீ முன்னாடி போ, நான் பின்னாடி பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டு விளையாடினாய். விளையாட்டில்கூட நீ அப்படித்தான் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். பள்ளிக்கூடத்தில் லேபில் சோதனைக்குழாயை வேறொருத்தி உடைத்ததற்கு நீ முட்டி போட்டது ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வருஷம் உன் டீமில் ஒருவன் அழித்த ஃபைலுக்காக நீ சனிக்கிழமை முழுக்க ஆபீசில் உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. "நான்தான் சரியா சொல்லித் தரல" என்றாய் என்னிடம். நான் அவனைத் திட்டினேன். உன்னைத்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அதனால் புனேக்கு என் புத்திமதிகள் இவை. அந்த இரண்டு பெண்களையும் நம்பு, முடிந்தால் என் கண்ணில் ஒருமுறை வீடியோவில் காட்டு. புரோக்கரை நம்பாதே. வீட்டில் நுழைந்ததும் சுவரில் இருக்கிற விரிசலை எல்லாம் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பு, ரேவதி செய்தது போல. அங்கே மின்சாரம் போய்ப் போய் வருமா என்று விசாரித்த பிறகு கம்ப்யூட்டரைப் போடு. இதெல்லாம் எந்த அம்மாவும் சொல்வாள், நீயும் சரி சரி என்று தலையாட்டுவாய். எனக்கு உறக்கம் வராமல் செய்வது இதில் எதுவுமில்லை. ஏமாற்றுக்காரர்களை நீ கண்டுபிடித்துவிடுவாய், அந்தக் கடையில் பார்த்தேனே. எனக்குப் பயம், உனக்குப் பிடித்தவர்களைப் பற்றி. உன் மேல் பிரியமாக இருக்கிற ஒருத்தி, ஒருவன், ஒரு மேலாளர், நாளைக்கு உன் புருஷன், ஒரு தப்பைச் செய்துவிட்டு உன் முகத்தைப் பார்ப்பார்கள். நான் பார்த்தது போல. நீ உடனே மற்றவர்கள் பக்கம் திரும்பி, "சாரி, நான்தான்" என்பாய். அவர்களும் என்னைப் போலவே, காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அவர்கள் எல்லாரும் கீழே ஆட்டோ வரை வந்து உண்மையைச் சொல்லுவார்கள் என்பதை நான் நம்பவில்லை.

தினேஷுக்கு ரேவதி இருக்கிறாள். உனக்குப் புனேயில் இன்னும் யாருமில்லை. அப்படி ஒருத்தர் கிடைக்கிறவரைக்கும், அந்த வார்த்தை உன் நாக்கு நுனிக்கு வரும்போது அடக்கிக்கொண்டு வெளியே வந்து எனக்குப் போன் பண்ணு. நான் எடுப்பேன். என்ன உடைந்தது, யார் தொட்டார்கள், கடைசியாக யார் கையில் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். நீ சலித்துக்கொள்வாய், ஹெட்போனைக் கழற்றிவிடப் பார்ப்பாய். இருந்தாலும் கேட்பேன். ஊர் உலகமே சேர்ந்து நம்பினாலும், "நான்தான்" என்று நீ சொல்வதை ஒருத்தி மட்டும் நம்ப மாட்டாள், நித்யா. அது நான்.